பேசாமல் இருக்க என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

வாசகர் கேள்வி பதில்

இம்முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, ஒன்றாகக் கூடிப் பேசாமல் இருந்து செபிக்கும் மௌனத் தியானம் பற்றியவை. கத்தோலிக்கர்களும் எழுதியிருக்கிறார்கள், மெதடிஸ்ட் சபையாரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

*எங்கள் பங்கின் தமிழ்க் குழு ஆண்டுதோறும் தவக்காலத்தில் பிரசங்கத்தோடு தியானம் நடத்தும். அடுத்த முறை மௌனத் தியானமாக வைக்கலாம் என்கிறார்கள். மூன்று நாள் வேண்டுமா, ஒரு நாள் போதுமா? எத்தனை பேரைச் சேர்க்கலாம்?*
*- வாசகி, தோ பாயோ*

ஒரு நாள். அதுவும் காலை 9 முதல் மாலை 5 வரை. மௌனத்துக்குப் பழகாதவர்களை எடுத்த எடுப்பில் மூன்று நாள் உட்கார வைத்தால், முதல் நாள் தூங்குவார்கள், இரண்டாம் நாள் எரிச்சல்படுவார்கள், மூன்றாம் நாள் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்ப்பார்கள். ஒரு நாள் தியானத்தை இரண்டு தடவை நடத்துங்கள். பிறகு ஓர் இரவு தங்கும் வார இறுதி. மூன்று நாளை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

பொதுவாக ஓர் உரை கேட்டுவிட்டு அவரவர் தனியே செபிக்கும் முறையென்றால், ஒரு வழிநடத்துநருக்கு 20 முதல் 25 பேர் வரை தாங்கும். ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து வழிநடத்துவது என்றால் 6 பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு அரை மணி, இடையில் மூச்சுவிட 10 நிமிடம் என்று வைத்தாலே 4 மணி நேரம் போய்விடும். ஏழாவது ஆளைக் கேட்கும் காதில் கவனம் இருக்காது.

நாளின் ஓட்டத்துக்கு ஒரு மாதிரி: 8.30க்கு வருகை, தேநீர், ஆசை தீரப் பேச்சு. 9.15க்கு அரை மணி நேர விளக்கம். 9.45க்கு மணியடித்து மௌனம் தொடக்கம். 15 நிமிட உரை, 45 நிமிடத் தனிச் செபம், அதன்பின் 15 நிமிடம் அந்தச் செபத்தில் என்ன நடந்தது என்று குறித்துக்கொள்வது. 11 மணிக்கு அரை மணி நேர இடைவேளை. உரை இல்லாமல் இன்னொரு செபவேளை. 12.30க்குச் சாப்பாடு. 1.15 முதல் 2.15 வரை ஓய்வு, தூங்குகிறவர்கள் தூங்கட்டும். 2.15க்கு உரையோடு மூன்றாவது சுற்று. 3.30க்குத் தேநீர், 4 மணிக்குத் திருப்பலி, 4.45க்கு மௌனம் கலைப்பு.

நேரம் நெருக்கினால் அமைப்பாளர்கள் முதலில் வெட்டுவது அந்தக் குறிப்பெழுதும் 15 நிமிடத்தைத்தான். அதில் மட்டும் கை வைக்காதீர்கள். இயேசு சபையைத் தோற்றுவித்த லொயோலா இஞ்ஞாசியாரே ஒவ்வொரு செபவேளைக்குப் பிறகும் கால் மணி நேரம் அதைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறார். எந்த வசனத்தில் மனம் நின்றது, எந்த இடத்தில் ஓடிப்போனது என்று எழுதினால்தான் அடுத்த வேளையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும். காலையின் இரண்டாவது செபவேளைக்குப் புதிய பகுதி தராதீர்கள். முதல் வேளையில் மனம் நின்ற இடத்துக்கே திரும்பப் போகச் சொல்லுங்கள். நான்கைந்து வாசகங்களை அச்சடித்துக் கையில் கொடுத்தால் எல்லாவற்றையும் வாசித்து முடிப்பதே வேலையாகிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு பகுதி தாராளம்: காலையில் 139ஆம் திருப்பாடல், பிற்பகலில் எம்மாவு வழிப்பயணம் (லூக்கா 24:13-35) என்பது போல.

*போன ஆண்டு நாங்கள் ஒரு முறை நடத்திப் பார்த்தோம். பதினோரு மணிக்கே கிசுகிசுப்பு ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டோடு மௌனம் போயே போய்விட்டது. ஆட்களைக் கண்டிக்கவும் மனமில்லை. எங்கே கோளாறு?*
*- ஒருங்கிணைப்பாளர், தெம்பனிஸ்*

கண்டிப்பதால் பயனில்லை. ஒரு கூட்டத்தில் மௌனம் கலைவது பெரும்பாலும் வம்புப் பேச்சால் அல்ல, கேள்வியால். கழிப்பறை எந்தப் பக்கம், இந்தக் குழம்பில் மீன் இருக்கிறதா, அடுத்தது எத்தனை மணிக்கு, ஏர்கான் குளிர்கிறதே யாரிடம் சொல்வது. ஒருவர் கேட்கிறார், மற்றவர் பதில் சொல்கிறார், மூன்றாமவர் சிரிக்கிறார். அதோடு முடிந்தது. பேச வேண்டிய தேவையை ஒவ்வொன்றாக முன்கூட்டியே தீர்த்து வைப்பதுதான் அமைப்பாளரின் வேலை. வாயை மூடுவதை வந்தவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் ஒரே பக்கத்தில் ஒரு தாள்: நேர அட்டவணை, இடங்களின் வரைபடம், எங்கே உட்காரலாம், எங்கே நடக்கலாம், அவசரமென்றால் யாரைத் தேடுவது. எழுத்து 16 புள்ளி அளவில் இருக்கட்டும். மூத்தவர்கள் கண்ணாடியை மறந்துவிட்டு வருவார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடியுங்கள். இங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் தமிழைத் தயங்கித் தயங்கி வாசிப்பவர்கள், பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுவிடுவார்கள். வாசலருகே ஒரு பலகை, ஒட்டுத்தாள், பேனா. தேவையை எழுதி ஒட்டினால் தொண்டர் ஒருவர் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துச் செய்துகொடுப்பார். ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) வரிசை நிற்க விடாதீர்கள். வரிசை என்றாலே பேச்சுதான். 10 நிமிடத்துக்கு ஒருவர் என்று கட்டம் போட்ட தாளில் பெயருக்குப் பதில் ஒரு குறி வைத்தால் போதும்.

அடுத்தது சாப்பாட்டு மேசை. பஃபே வரிசையில் ஆட்கள் முட்டிக்கொள்வார்கள், 'நீங்க போங்க' என்பார்கள். ஆறு பேருக்கு ஒரு மேசை என்று வைத்து, மேசைக்கு மேசை தண்ணீர்க் குடுவை, உப்பு, ஊறுகாய், கைத்தாள் எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அட்டை: சைவம், அசைவம், காரம், பால் சேர்ந்தது. சர்க்கரை போடாத தேநீருக்குத் தனிக் குடுவை, அதன்மேல் பெரிய எழுத்து. அப்பளம் வேண்டாம். இருபத்தைந்து பேர் மௌனமாக அப்பளம் கடிக்கும் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் காரணம் புரியும். ஒருவர் சிரிக்க ஆரம்பித்தால் அந்த மண்டபமே சிரிக்கும். எவர்சில்வர் டம்ளருக்கும் தட்டுக்கும் பதிலாகப் பீங்கானோ மெலமைனோ வையுங்கள். மேசைமேல் துணி விரித்தால் பாதிச் சத்தம் அடங்கும். சாப்பிடும்போது வாத்திய இசையை மெதுவாக ஒலிக்க விடலாம், அல்லது ஒருவர் ஏதாவது வாசிக்கலாம். முதல் தடவை வருகிறவர்களுக்கு வெறும் மௌனத்தில் எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே மெல்வது பெரும் சங்கடம். நாற்காலிகளை ஒரே பக்கம் பார்த்துப் போட்டால் அந்தச் சங்கடமும் குறையும்.

கேட்டரிங் உணவில் நேரச் சீட்டு ஒட்டியிருக்கும். சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது இங்குள்ள விதி. 12.30க்குச் சாப்பாடு என்றால் 10 மணிக்கே உணவைக் கொண்டுவந்து இறக்கச் சொல்லாதீர்கள். மிச்சத்தை மாலைத் தேநீருக்கு எடுத்து வைக்கவும் கூடாது.

மௌனம் ஒழுகும் ஓட்டை சமையலறையில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவும் தொண்டர்கள், 'நாங்கள் தியானத்தில் இல்லையே' என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அது மண்டபத்துக்குக் கேட்கும். அவர்களுக்கும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கதவைச் சாத்தி வையுங்கள். முடிந்தால் பாத்திரங்களை ஊறப்போட்டுவிட்டு 4.45க்குப் பிறகு கழுவட்டும்.

*இடம் எங்கே கிடைக்கும்? எங்கள் ஆலய மண்டபம் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருக்கும்.*
*- வாசகர், ஹவ்காங்*

சொந்த ஆலயத்தை ஞாயிறன்று நினைக்கவே வேண்டாம். மறைக்கல்வி வகுப்பு, பாடகர் பயிற்சி, திருமண ஒத்திகை என்று ஏதாவது ஒன்று இருக்கும். சனிக்கிழமையோ பொது விடுமுறை நாளோ பாருங்கள். கத்தோலிக்கர்களுக்கு விக்டோரியா பார்க் சாலையில் கிங்ஸ்மீட் ஹாலில் இயேசு சபையினரின் ஆன்மிக மையம் இருக்கிறது. இஞ்ஞாசியார் முறைத் தியானத்துக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் இடம் கிடைப்பது எங்குமே கடினம் என்பதால் முந்திக்கொள்ளுங்கள்.

எந்த இடமானாலும், நடத்தப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை மாலையில் அமைதியாக இருந்த கட்டடத்தின் பக்கத்தில் சனிக்கிழமை காலை பாலர் பள்ளிக் கொண்டாட்டம் நடக்கலாம். நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். தேசிய தினத்துக்கு முந்தைய வாரங்களில் சனிக்கிழமை ஒத்திகைக்குப் போர் விமானங்கள் தலைக்கு மேல் பறக்கும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் கெத்தாய் என்னும் பாட்டுக் கச்சேரி மேடை இரவு வரை பாடும். இரவு தங்கும் தியானமென்றால் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. பிற்பகலில் இடி மழை வந்தால் வெளியே நடக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கூரைக்கடியில் ஒதுங்குவார்கள். மூடிய நடைபாதை உள்ள இடம் உத்தமம். மெக்ரிட்சி நீர்த்தேக்கம் பக்கம் நடக்கக் கூட்டிப்போவதானால் பிளாஸ்டிக் பையில் பலகாரம் கொண்டுபோகாதீர்கள், குரங்குகளுக்கு மௌன விரதம் கிடையாது.

*கைபேசியை வாங்கி வைக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டில் வயதான அம்மா தனியாக இருக்கிறார். என்னால் தர முடியாது. அப்படியானால் நான் வரவே கூடாதா?*
*- வாசகி, பிடோக்*

தாராளமாக வரலாம். ஏற்பாட்டாளர்கள் ஓர் அவசர எண்ணை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அழைப்பு வந்தால் தொண்டர் ஓடிவந்து உங்கள் தோளைத் தொடுவார். கைபேசி உங்கள் பையில் இருந்தால் அம்மாவின் அழைப்பு மட்டுமா வரும்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் காலை வணக்கப் பூக்கள் அத்தனையும் வரும்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வார்த்தை: கைபேசிகளை வாங்கும்போது சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லாமல் முழுவதுமாக அணைக்கச் சொல்லுங்கள். சத்தம் குறைத்து வைத்த கைபேசியிலும் அலாரம் அடிக்கும். கூடைக்குள் கிடக்கும் இருபதில் எது என்று தேடுவதற்குள் செபவேளை முடிந்துவிடும். பெயர் எழுதிய உறையில் போட்டு வாங்கினால் மாலையில் குழப்பம் வராது. விதிவிலக்கும் உண்டு. தோலில் ஒட்டிய உணரியின் சர்க்கரை அளவைக் கைபேசியில் பார்க்கும் நீரிழிவு நோயாளிகளிடம் அதை வாங்கவே கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரமும் தள்ளிப்போகக் கூடாது. வழிநடத்துநரின் உரை நீண்டுவிட்டால் இடையில் நிறுத்தத் தயங்காதீர்கள். அழைப்புப் பணியில் இருக்கும் தாதியர் தங்கள் கைபேசியைத் தொண்டரிடம் இயக்கத்திலேயே கொடுத்து வைக்கலாம்.

*தமிழ்நாட்டிலிருந்து நல்ல பிரசங்கியார் ஒருவரை அழைக்க விரும்புகிறோம். சுற்றுலா விசாவில் வந்து பேசிவிட்டுப் போனால் போதுமா?*
*- சபை மூப்பர், செங்காங்*

போதாது. சமயம் தொடர்பான கூட்டத்தில் பேச வரும் வெளிநாட்டவருக்கு மனிதவள அமைச்சின் மிசலேனியஸ் வொர்க் பாஸ் என்னும் குறுகிய கால அனுமதி வேண்டும். அது 60 நாள் வரை செல்லும். இங்குள்ள அமைப்பு ஒன்று பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கைக்கு வந்தபிறகு சுவரொட்டி அடியுங்கள், விமானச் சீட்டு எடுங்கள்.

ஆனால் உங்களுக்குப் பிரசங்கியார் தேவைதானா? இரண்டு மணி நேரம் மக்களைக் கட்டிப்போடும் நாவன்மை மௌனத் தியானத்துக்கு இடைஞ்சல். கருத்துகளைச் சுருக்கமாகத் தொட்டுக்காட்டினால் போதும், அதிகம் அறிவது அல்ல, உள்ளூரச் சுவைப்பதே ஆன்மாவை நிறைவாக்குகிறது என்பது இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் தொடக்கக் குறிப்புகளிலேயே சொல்வது. 15 நிமிடத்தில் நிறுத்தத் தெரிந்தவர், மற்றவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கத் தெரிந்தவர் உங்கள் சபைக்குள்ளேயே இருக்கக்கூடும். ஓய்வுபெற்ற ஆசிரியைகளில் தேடிப் பாருங்கள்.

*நான் ஜூரோங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். ஞாயிறு மட்டும்தான் லீவு, அதுவும் எல்லா வாரமும் இல்லை. என்னைப் போன்றவர்கள் இதில் சேர வழி உண்டா?*
*- வாசகி, ஜூரோங்*

உண்டு. முதலில் உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது 2013 முதல் விதி. நீங்கள் சம்மதித்தால் அந்த நாளுக்குப் பதில் முதலாளி பணம் தரலாம். ஆனால் 2023 ஜனவரி முதல், மாதத்தில் குறைந்தது ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது. லீவு தந்தே ஆக வேண்டும். தியானத் தேதியை ஒரு மாதம் முன்பே வீட்டில் சொல்லி, அந்த நாளாக அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பங்குகளும் இதை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும். பணிப்பெண்களும் தங்குவிடுதித் தொழிலாளர்களும் வர வேண்டுமென்றால், இவ்வளவு கட்டணம் என்று போடாமல் மூடிய உறையில் இயன்றதை இடச் சொல்லுங்கள். வெறும் உறை வந்தாலும் யாருக்கும் தெரியாது. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இடம் பாருங்கள். மாலை 5 என்றால் 5. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டியவர்களை நன்றியுரைக்காக உட்கார வைக்காதீர்கள்.

ஒரு நாள்கூட ஒதுக்க முடியாதவர்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது. வேலைப்பளு உள்ளவர்கள் வீட்டிலிருந்தபடியே அன்றாடம் நேரம் ஒதுக்கிப் பயிற்சி செய்யலாம் என்று இஞ்ஞாசியாரே 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் 19ஆம் குறிப்பில் இடம் கொடுத்திருக்கிறார். அவர் சொல்வது நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு அரை மணியே போதும். பங்கில் இதை ஒரு வாரத்துக்கு நடத்தலாம்: ஞாயிறு கூடித் தொடங்குவது, அடுத்த ஞாயிறு கூடி முடிப்பது, இடையில் தினமும் ஒரு வேத பகுதி, அரை மணிச் செபம், இரவில் வழிநடத்துநரோடு கால் மணி நேரத் தொலைபேசிப் பேச்சு. அதிகாலை 5 மணிக்கு வீடு எழுமுன் என்று வைத்துக்கொள்கிறவர்கள் விடாமல் முடிக்கிறார்கள். இரவு 10 மணிக்கு என்று வைத்துக்கொள்கிறவர்கள் மூன்றாம் நாளே தூங்கிவிடுகிறார்கள்.

*தியானத்தின் நடுவில் ஒரு சகோதரி விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். சுற்றி நின்று செபித்தோம், அழுகை கூடியது. என்ன செய்திருக்க வேண்டும்?*
*- வாசகர், ஈசூன்*

சுற்றி நின்றிருக்கக் கூடாது. அழுகை மௌனத்தில் இயல்பாக வருவது. ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவர் நின்றதும் உள்ளே இருந்தது மேலே வருகிறது. தொண்டரில் ஒரு பெண் மட்டும் பக்கத்தில் போய், தண்ணீரும் கைத்தாளும் வைத்துவிட்டு, 'வெளியே உட்காரலாமா?' என்று மட்டும் கேட்கலாம். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். தலையில் கை வைப்பது, கட்டிப்பிடிப்பது, உரக்கச் செபிப்பது எதுவும் அந்த நேரத்துக்கு உதவாது. தனியே பேச அழைத்தால், கண்ணாடி பதித்த கதவுள்ள அறையாகவோ பிறர் பார்வையில் படும் இடமாகவோ இருக்கட்டும்.

கவலைப்பட வேண்டியது வேறு வகை. இரவெல்லாம் தூங்காமல் துறுதுறுவென்று இருப்பது, கடவுள் தனக்கு மட்டும் கட்டளையிடுகிறார் என்று பரபரப்பது, மூச்சுத் திணறலோடு பயம், சாக வேண்டும் என்ற பேச்சு. அப்போது அவருக்கு மௌனத்தை நிறுத்திவிடுங்கள். சாப்பிட வைத்து, குடும்பத்தாரை அழைத்து, தனியே விடாமல் வீட்டுக்கோ மருத்துவரிடமோ சேர்க்க வேண்டும். தற்கொலை எண்ணத்துக்கு 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் அமைப்பு எந்நேரமும் பேசும். உயிராபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995. பேய் என்று சொல்லி ஓட்டுவதற்கு ஆள் தேடுவது நம் மக்களிடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் போகும் நேரத்தில் நோய் முற்றிவிடும்.

பதிவுப் படிவத்திலேயே நான்கு கேள்விகள் கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் வாசலிலேயே தெரிந்துவிடும்: என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், மனநல சிகிச்சையில் இருக்கிறீர்களா, கடந்த ஆறு மாதத்தில் வீட்டில் இறப்போ பிரிவோ நேர்ந்ததா, அவசரத்துக்கு யாரை அழைப்பது. பதில்களை வழிநடத்துநர் மட்டும் படித்துவிட்டு, தியானம் முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். புதிதாகத் துக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நாள் தியானத்தை மட்டும் பரிந்துரையுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு விசுவாசத்தோடு வாருங்கள் என்று யார் சொன்னாலும் அவரைத் தொண்டர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

*சத்தமாக ஜெபித்தே பழகிய சபை எங்களுடையது. மௌனமாக உட்காருவது வேறு மதத்துப் பழக்கம் என்று சிலர் தடுக்கிறார்கள்.*
*- வாலிபர் குழுத் தலைவர், உட்லண்ட்ஸ்*

இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்ததை மாற்கு 1:35 சொல்கிறது. எலியாவுக்குக் கர்த்தர் காற்றிலும் இல்லை, பூமி அதிர்ச்சியிலும் இல்லை, அக்கினியிலும் இல்லை; அதன்பின் வந்தது மெல்லிய சத்தம். தடுக்கிறவர்களோடு வாதாடாமல், 1 இராஜாக்கள் 19ஐ அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். மனத்தை வெறுமையாக்கும் பயிற்சி அல்ல இது. கையில் வேதம் திறந்திருக்கும். வழக்கமான உபவாச ஜெபத்தின் நடுவில் 20 நிமிட மௌனத்தோடு தொடங்குங்கள். முதல் 5 நிமிடம் இருமலும் நாற்காலிச் சத்தமும்தான் கேட்கும். போதகர் பதறிப்போய்ப் பாட்டு எடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

*மௌனத்தை எப்படி முடிப்பது? மணியடித்ததும் மீன் சந்தை ஆகிவிடுகிறது.*
*- வாசகி, கிளமெண்டி*

படிப்படியாக. திருப்பலியில் பதிலுரைகளும் பாடலும் வரும்போதே குரல் திரும்பிவிடும். அதன்பின் மூன்று மூன்று பேராக உட்கார வைத்து, ஆளுக்கு 3 நிமிடம்; ஒருவர் பேசும்போது மற்ற இருவரும் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது. சொல்ல விரும்பாதவர் 'கடந்து போகிறேன்' என்று சொன்னால் போதும். கைபேசி உறைகளை அது முடிந்த பிறகே கொடுங்கள், அதுவும் வாசலில், கிளம்பும்போது.